கடைசி நிப்பிளைத் தொடாத மத்தியானம்

போன மாதம், நான் வேலை பார்த்த கோழிப் பண்ணை முதலாளியின் மகன் என் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் பழப் பை, இன்னொரு கையில் டேப்லெட்.

"சார், பண்ணையில புதுசா அஞ்சு சூப்பர்வைசர் எடுத்திருக்கோமுங்க. இந்த மொபைல் கேம் அடிமைத்தனத்தப் பத்தி நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசோணும். உங்க சர்வீசுல பாத்ததச் சொன்னாப் போதுமுங்க" என்றார்.

சொல்லி முடித்த கையோடு டேப்லெட்டை என் முன்னால் நீட்டினார். பண்ணைக்கென்றே அவர் செய்யச் சொன்ன ஆப்பாம். கோழி ஷெட்டைக் கவனிக்கும் ஆள் நேரத்துக்குத் தண்ணீர் பார்த்தால் ஒரு நட்சத்திரம். ஏழு நட்சத்திரம் சேர்ந்தால் திரையில் ஒரு சேவல் எழுந்து நின்று றெக்கையை அடிக்கிறது. வாரக் கடைசியில் யார் முதல், யார் கடைசி என்று பட்டியல் வரும்.

"கேம் மாதிரி இருந்தா வேலைய ஆசையா செய்வாங்கன்னு..." என்று இழுத்தார்.

கேம் ஆடாதே என்று சொல்ல என்னைக் கூப்பிட வந்த மனுஷன், வரும்போதே ஒரு கேமையும் எடுத்து வந்திருக்கிறார். வருகிறேன் என்று தலையாட்டினேன். இருபத்தெட்டு வருடம் அவர் அப்பாவிடம் வேலை பார்த்தவன் நான். அந்த வீட்டு ஆட்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கைவந்த கலை.

பேசவும் போனேன். எனக்கு முன்னால் டவுனிலிருந்து வந்த ஒரு டாக்டர் மூளைப் படம் போட்டுக் காட்டினார். ஆட ஆட மூளைக்குள் என்னவோ சுரக்கிறதாம். சுரந்துவிட்டுப் போகட்டும். புதிய சூப்பர்வைசர்கள் ஐந்து பேரில் மூன்று பேர் மேசைக்கு அடியில் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நான் பேசுவதை வீடியோ எடுத்தார். பத்து நிமிடம், சபையில் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

சங்ககிரியில் லாரி ஆபீசில் இருந்தவன் நான். அந்த வேலை பிடிக்காமல் நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்கு வந்தேன். முதல் இரண்டு வருடம் தீவன மூட்டை தூக்கினேன், கோழிக்கு ஊசி போட்டேன், எரு அள்ளினேன். அதில் எழுத ஒன்றும் இல்லை. மூன்றாம் வருடம் சூப்பர்வைசர், பத்தாம் வருடம் மேனேஜர்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர், பிறகு பண்ணைக்கு வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எரு அள்ளுகிறவனுக்கும் 'ங்க' போடுவார். யாரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தங்கமான மனுஷன். ஆளை வேலையை விட்டு அனுப்புவதிலும் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒரு டம்ளர் மோர் கொடுப்பார். கறிவேப்பிலை, இஞ்சி எல்லாம் போட்ட நல்ல மோர். குடித்து முடித்ததும், "சாமி, நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்பார். பண்ணையில் எல்லாருக்கும் இது தெரியும். முதலாளி அறைக்குள் மோர் போகிறது என்றால், போனவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மற்ற நாளில் அவர் யாருக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

ஆனால் கோழியை அவரைப்போல அறிந்தவர் இல்லை. மத்தியானம் ஷெட்டுக்குள் வந்தால் எங்கேயும் நிற்காமல் நேரே கடைசிவரை நடப்பார். கூண்டு வரிசை நெடுக ஒரு பைப் போகும். அதில் சாண் இடைவெளியில் சின்னச் சின்ன உலோக முனைகள். அதுதான் நிப்பிள். கோழி அலகால் அதைத் தட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழும். முதலாளி வரிசையின் கடைசி நிப்பிளைச் சுண்டுவிரலால் தட்டுவார். விழுந்த சொட்டை விரலில் வாங்கி, சூடா குளிர்ச்சியா என்று பார்ப்பார்.

"மொத நிப்பிளு எப்பவும் தண்ணி காட்டுமுங்க சாமி. அதப் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லாதீங்க. கடைசில இருக்கறதத் தொட்டுட்டு வந்து சொல்லுங்க" என்பார்.

வெயில் காலத்தில் ஒரு வேலை தவறாமல் நடக்க வேண்டும். உச்சி வெயிலில் பைப்பில் நிற்கும் தண்ணீர் டீ போலக் கொதிக்கும். கோழி அதைக் குடிக்காது. அதனால் பன்னிரண்டு மணிக்கு ஷெட் ஆள் பைப்பின் கடைசி வால்வைத் திறந்து சூட்டுத் தண்ணீரை வெளியே விடுவான். கையில் குளிர்ச்சி தட்டியதும் வால்வை மூட வேண்டும். அப்புறம் கூரைமேல் தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனி டேங்க், பைப்புக்கும் கூரைக்கும் அது ஒன்றுதான். பன்னிரண்டரைக்கு மேனேஜர் ஷெட் ஷெட்டாகப் போய்க் கடைசி நிப்பிளைத் தொட்டுப் பார்த்துச் சார்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் சேர்ந்து அரை மணி நேர வேலை. இதைச் செய்யாவிட்டால் கோழி வாயைப் பிளந்து, றெக்கையை விரித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாயும்.

ஒரு வருடம் சுற்று வட்டாரத்தில் கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோய் பரவியது. ஆள் போக்குவரத்தில் நோய் வரும் என்று முதலாளி கேட்டைச் சாத்திவிட்டார். ஷெட் ஆட்கள் குடும்பத்தோடு பண்ணைக் குடியிருப்பிலேயே இருக்க வேண்டும். டீக்கடை கூடாது, சந்தை கூடாது, பக்கத்துப் பண்ணையில் வேலை செய்யும் மச்சானைப் பார்க்கக்கூடாது. ஒரு வாரம் பொறுத்தார்கள். அப்புறம் சுவர் ஏறிக் குதித்து டீ குடிக்கப் போனார்கள். அதற்கு முதலாளி கண்டுபிடித்த மருந்து வைஃபை. பண்ணை முழுக்க இலவசம். மறுநாளிலிருந்து ஒருவனும் சுவர் ஏறவில்லை.

"பாத்தீங்களா சாமி, ஒரு கம்பி போட்டேன். ஒருத்தனும் வெளிய போறதில்ல" என்று முதலாளி பெருமைப்பட்டார். நானும் சிரித்தேன். நோய் போன பிறகு கேட்டைத் திறந்தோம். அப்போதும் ஒருவனும் வெளியே போகவில்லை. ஆளைக் கூண்டில் வைக்க இதைவிடச் சுலபமான வழி உண்டா என்று மெச்சிக்கொண்டோம். அடிமைத்தனத்துக்கு மூளைப் படம் போட்டுக் காரணம் தேடுகிறவர்கள், அந்த வைஃபை டப்பாவை மாட்டியது யார் என்றும் கேட்டிருக்கலாம்.

நாலாம் ஷெட்டில் செல்வராஜ் என்று ஒருவன். ஜேடர்பாளையத்துக்காரன். முப்பத்தைந்து வயது இருக்கும். கொட்டகைக்குள் நுழைந்ததும் சத்தத்தை வைத்தே எந்த வரிசையில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிவிடுவான். ஷெட் ஆட்களில் அவன்தான் முதல். இதை நான் அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லப்போனால் அவன் பெயரைக்கூடச் சொன்னதில்லை. ஷெட் நம்பரைச் சொல்லித்தான் ஆட்களைக் கூப்பிடுவேன். "ஏய் நாலு, இங்க வா." பெயர் சொன்னால் நெருக்கம் வரும், நெருக்கம் வந்தால் லீவு கேட்பான் என்பது என் மகா கண்டுபிடிப்பு.

அவன் மனைவி கோமதி அதே ஷெட்டில் முட்டை பொறுக்குவாள். பிறந்த வீடு குமாரபாளையம், தறி ஓட்டும் குடும்பம். ஒரே மகள், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

செல்வராஜ் பிடித்துக்கொண்டது ஒரு துப்பாக்கிச் சண்டை கேம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு அணி. யார் யாரோ, எந்த ஊரோ. ஆட்டம் தொடங்கினால் அரை மணி நேரம் நடுவில் நிறுத்த முடியாதாம். எழுந்து போனால் அணி தோற்றுவிடுமாம். ஒரு நாள் தீவன வண்டிக்குப் பின்னால் அவன் உட்கார்ந்து ஆடுவதை, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். போனுக்குள் இருந்து சின்னப் பையன்கள் குரல்கள்.

"அண்ணா, நீங்க முன்னால போங்கண்ணா. உங்கள நம்பித்தான் வரோம்."

"கேப்டன், பின்னாடி ஆளு, பின்னாடி ஆளு."

பின்னால் நிஜமாகவே ஆள் நின்றதை கேப்டன் பார்க்கவில்லை. நான் தோளைத் தட்டியதும் திரும்பிய முகத்தில் கொஞ்ச நேரம் நான் யாரென்றே தெரியாத பார்வை. முகம் மெலிந்து, கண் குழிக்குள் போயிருந்தது. போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி நடந்தவன் தீவன வண்டியை ஓர் உதை உதைத்தான். அதிர்ந்து பேசாத மனுஷன் அவன். வண்டி சாய்ந்து தீவனம் கொட்டியது. உதைத்த காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆபீசில் நாலு பேரிடம் நடித்துக் காட்டினேன்.

அன்று சாயங்காலம் கோமதி போனை வாங்க வந்தாள்.

"சார், அவரு முன்ன மாதிரி இல்லீங்க. சோறு போட்டுட்டுக் கூப்புட்டா 'இந்தா வாரேன்'ங்கறாரு. அந்த வாரேன்ல ஒரு மணி நேரம் போயிருது. புள்ள பாடத்துல ஏதோ கேட்டா அதுக்கும் இந்தா வாரேன்தானுங்க. என்ற அப்பனுக்கு ஆப்பரேசன்னு போன் வந்தப்பக்கூட, கட் பண்ணி உட்டுட்டு ஆடிட்டிருந்தாருங்க."

"எல்லாம் கொழுப்பு" என்றேன். "அந்த கேம்ல வர்ற பொம்மைக்குக் காசு கட்டிச் சட்டை வாங்குறானாமே, நிஜமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இவன் கிழிந்த பனியனோடு திரிகிறான். போனுக்குள் ஓடுகிற பொம்மைக்குப் புதுச் சட்டையாம்.

"நீங்க திட்டுங்க, அடிங்க, எது வேணா பண்ணுங்க. மொதலாளிகிட்ட மட்டும் சொல்லீராதீங்க சார். அவரு மோரக் குடுத்தாருன்னா ஊடும் போயிருமுங்க. பரீட்சைக்கு இன்னும் முப்பது நாளுதான். அது முடியற வரைக்கும் இந்த ஊடு இருந்தாப் போதும். இங்கிருந்து பள்ளிக்கூடம் நடக்கற தூரமுங்க. அதுவரைக்கும் நீங்கதான் பாத்துக்கோணும்."

"சரி போ, பாத்துக்கறேன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். முதலாளியிடம் சொல்லவில்லைதான். அதற்கு என் இரக்கம் காரணம் இல்லை. சொன்னால், இத்தனை நாள் மேனேஜர் என்ன பார்த்தீர்கள் என்ற கேள்வி வரும்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. ஆபீசில் முட்டை எண்ணிக்கையை ஏற்றுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குள்ளேயே ஒரு சீட்டாட்டமும் இருந்தது. ஒற்றை ஆள் ஆடுவது. சிவப்பின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் சிவப்பு என்று இறங்கு வரிசையில் அடுக்க வேண்டும். எல்லாம் அடுக்கி முடித்தால் சீட்டுகள் திரை முழுக்கத் துள்ளி விழும். இதை நான் கேம் என்று நினைத்ததே இல்லை. சத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, பொம்மைக்குச் சட்டை இல்லை. படித்த ஆள் மூளைக்குக் கொடுக்கிற ஓய்வு. முதலில் சாப்பிட்ட பிறகு ஓர் ஆட்டம். பிறகு சாப்பிடுவதற்கு முன்னாலும் ஓர் ஆட்டம். பன்னிரண்டரை ரவுண்ட்ஸ் ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. பிறகு ஷெட் ஆட்களே சார்ட்டை ஆபீசுக்குக் கொண்டுவரும்படி செய்துவிட்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டேன். மேனேஜர் வேலையில் முன்னேற்றம் என்றால் அதுதான்.

பங்குனி மாதம். இலை அசையாத வெயில். பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. செல்வராஜ் அன்றைய சார்ட்டில் எல்லாக் கட்டத்திலும் காலையிலேயே டிக் அடித்துக் கொண்டுவந்தான். பன்னிரண்டு மணிக்கு வால்வு திறந்தது, மூடியது, கூரைத் தண்ணீர் விட்டது, எல்லாம் காலை பத்து மணிக்கே முடிந்திருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அவன் வால்வைத் திறந்திருக்கிறான். அதுவரை சரி. தண்ணீர் குளிர்வதற்குள் அணி கூப்பிட்டிருக்கிறது. இந்தா வாரேன் என்று போனவன் தீவன அறையில் உட்கார்ந்துவிட்டான். வால்வு திறந்தே கிடந்தது. டேங்க் தண்ணீர் முழுக்க ஷெட்டுக்குப் பின்னால் மண்ணில் ஓடியது. நிப்பிளில் சொட்டு இல்லை. கூரைக்கும் தண்ணீர் இல்லை.

முதலில் கண்டுபிடித்தது கோமதி. ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆபீசுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"சார், நாலாம் ஷெட்டுல தண்ணி வரலீங்க. கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குது. அவரத் தேடுனேன், காணமுங்க."

எனக்கு அப்போது நாலே நாலு சீட்டு பாக்கி. வெகு நாளாக முடியாத ஆட்டம்.

"போ, இந்தா வரேன்" என்றேன்.

அவள் போகவில்லை. என் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் கம்ப்யூட்டர் திரை தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். திரும்பி ஓடினாள். நாலு சீட்டு அடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேனோ தெரியாது. அந்த ஆட்டம் முடியவில்லை. கலைத்துவிட்டு இன்னொன்று போட்டேன். நான் ஷெட்டுக்குப் போனபோது மணி ஒன்றே முக்கால்.

கோமதி எப்படியோ வால்வைக் கண்டுபிடித்து மூடியிருந்தாள். ஆனால் டேங்கில் தண்ணீர் இல்லை. பக்கத்து ஷெட்டிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து கோழிகள்மேல் வீசிக்கொண்டிருந்தாள். செல்வராஜும் அதற்குள் வந்து வெறும் கையால் கூண்டுகளைத் தட்டி, சாய்ந்த கோழிகளை எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் இயர்போன் அப்படியே இருந்தது. கோழி நிறைந்த ஷெட்டில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும். அன்று பாதி ஷெட்டில் அது இல்லை. நான் போய்க் கடைசி நிப்பிளைத் தட்டினேன். தட்டி ஆகப்போவது என்ன. சொட்டு விழவில்லை.

சாயங்காலம் நான் ரிப்போர்ட் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று முதலாளி சொல்வார். 'நாலாம் ஷெட் பணியாளர் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்ததால் வால்வை மூடத் தவறினார். தகவல் கிடைத்த உடனே நான் நேரில் சென்று நடவடிக்கை எடுத்தேன்.' இரண்டு வரி. முதல் வரி சத்தியம். இரண்டாவது வரியையும் அதே அழகான கையெழுத்தில்தான் எழுதினேன்.

மறுநாள் முதலாளி அறையில் நான், செல்வராஜ், கோமதி. முதலாளி ரிப்போர்ட்டை மெதுவாகப் படித்தார். பிறகு கோமதியைப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, நீங்கதான் மொதல்ல பாத்தீங்களாமா. மேனேஜர்கிட்ட எப்பச் சொன்னீங்க?"

"ஒரு மணி இருக்குமுங்க."

"சொன்னதும் அவரு வந்தாருங்களா?"

கோமதி என்னைப் பார்த்தாள். வேண்டுகிற பார்வை அது. நான் உன்னைக் காப்பாற்றுகிறேன், நீ என்னைக் காப்பாற்று, பரீட்சை முடியும்வரை மட்டும் என்று அந்தப் பார்வை சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

"சொன்ன ஒடனே வந்துட்டாருங்க" என்றாள்.

முதலாளி மணியை அடித்தார். கதவு திறந்தது. உள்ளே வந்த ஆளின் முகத்தை நான் பார்க்கவில்லை, கையில் இருந்த மோர்த் தட்டைத்தான் பார்த்தேன். தட்டில் எத்தனை டம்ளர் என்று பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. அது என்னைத் தாண்டிச் செல்வராஜ் முன்னால் போய் நின்றது.

அவன் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "தப்புத்தானுங்க" என்றான்.

"குடிங்க சாமி" என்றார் முதலாளி. "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க. ஊட்ட நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க."

கோமதி மறுபடியும் என்னைப் பார்த்தாள். புள்ளைக்குப் பரீட்சை முடியற வரைக்கும் ஊட்டுல இருக்கட்டுமுங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதலாளி தலையாட்டியிருப்பார். அந்த அளவுக்கு அவரிடம் எனக்கு மதிப்பு இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் எத்தனை மணிக்கு வந்தேன் என்ற கணக்கு வரும், சார்ட் வரும், என் கையெழுத்து வரும். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளை குமாரபாளையத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து பரீட்சை எழுதியது என்று பிறகு கேள்விப்பட்டேன். கணக்குப் பரீட்சைக்கு மட்டும் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லையாம்.

டாக்டர் அன்று கூட்டத்தில் அடிமைத்தனத்துக்கு அடையாளம் சொன்னார். தூக்கம் போகும், கோபம் வரும், பொய் வரும் என்றார். எனக்குத் தூக்கம் போகவில்லை, கோபம் வரவில்லை. மேனேஜராகவே ஓய்வு பெற்றேன், சால்வை போட்டார்கள், முதலாளி பேசும்போது 'கடைசி நிப்பிளத் தொட்ட மனுசன்' என்று புகழ்ந்தார். செல்வராஜைப் போலக் கிழிந்த பனியனோடு திரிகிறவன்தான் அடிமை என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். மடித்துத் தேய்த்த சட்டையோடு ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஒருத்தியைத் தவிர. வீட்டைக் காலி செய்த சாயங்காலம் கோமதி சாவியைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தாள். வாசலில் மினி லாரி நின்றது. செல்வராஜ் அதன் மேலே, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் போன் இல்லை. மகள் புத்தகப் பையை மடியில் வைத்து முன்னால் உட்கார்ந்திருந்தாள். கோமதி நாலைந்து தடவை "சார்" என்றிருக்கிறாள். எனக்குக் காதில் விழவில்லை. கடைசியில் அவளே உள்ளே வந்து, மேசைமேல் விசைப்பலகைக்குப் பக்கத்தில் சாவியை வைத்தாள்.

"இந்தா, ஒரு நிமிஷம்" என்றேன்.

"நீங்க ஆடுங்க சார்" என்றாள் அமைதியாக. "இனி நாங்க யாரும் வந்து கூப்புட மாட்டோமுங்க."

லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. எழுந்து போயிருக்கலாம். வாசல் பத்தடிதான். நான் சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, சிவப்பு ஒன்பதை எடுத்துக் கறுப்புப் பத்தின் மேல் வைத்தேன்.